இந்துப் பிள்ளையைக் கத்தோலிக்கப் பள்ளி விடுதியில் சேர்க்கலாமா?

கேள்வி: மகன் ஆறாம் வகுப்புக்குப் போகிறான். நாங்கள் இந்துக்கள். ஃபாதர்கள் நடத்தும் பள்ளியில் விடுதியோடு சேர்த்துவிடச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். ஒழுக்கம் நன்றாக இருக்கும் என்கிறார்கள், மதம் மாற்றிவிடுவார்கள் என்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள். அங்கே படித்தவர்கள் சொல்லுங்கள், உண்மையில் எப்படி இருக்கும்?

பதில்:

சேர்க்கலாம். ஆனால் எந்தக் கத்தோலிக்கப் பள்ளி என்று பார்த்துச் சேருங்கள். அது ஏன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் தென்மாவட்டம் ஒன்றில் சேசு சபை (ஜெசூட்) என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குருக்கள் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளியில், விடுதியில் தங்கிப் படித்தவன். தமிழ் வழி. எங்கள் வீட்டில் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. நான் இன்றும் குடும்பத்தோடு போகிறேன். என்னோடு விடுதியில் இருந்த இந்து, முஸ்லிம் பையன்களில் அங்கே படித்ததால் மதம் மாறினான் என்று எனக்குத் தெரிந்து ஒருவனும் கிடையாது. சட்டப்படியும் உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. அரசிடம் உதவி பெறும் எந்தப் பள்ளியும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு மாணவனை மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. எங்கள் பள்ளியில் கத்தோலிக்க மாணவர்களுக்கு மறைக்கல்வி வகுப்பு நடக்கும்போது எங்களுக்கு நீதிபோதனை வகுப்பு. காலையில் அவர்கள் பூசைக்குப் போகும் நேரத்தில் நாங்கள் ஸ்டடியில் உட்கார்ந்து படிப்போம். பொதுவான ஜெபம் காலை அசெம்பிளியில் இருந்தது. எழுந்து நிற்போம், அவ்வளவுதான்.

மதம் பற்றிய பயத்துக்கு இது போதும். ஒழுக்கம் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. மணி அடித்தால் எழுவது, வரிசையில் போவது, சட்டையை உள்ளே விடுவது ஆகியவற்றை ஒழுக்கம் என்று நினைத்தால் அதை எந்தக் கண்டிப்பான பள்ளியும் கொடுத்துவிடும். எனக்குக் கிடைத்தது வேறு.

இரவு ஸ்டடி முடிந்ததும், படுக்கப் போகும் முன் எல்லோரும் அப்படியே உட்கார வேண்டும். வார்டன் ஃபாதர் விளக்குகளில் பாதியை அணைத்துவிட்டு முன்னால் நிற்பார். மூன்று கேள்வி கேட்பார். இன்றைக்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்? யாரிடம் தப்பாக நடந்துகொண்டாய்? நாளைக்கு அதற்கு என்ன செய்யப்போகிறாய்? ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் கொஞ்ச நேரம் விடுவார். பதிலை யாரிடமும் சொல்ல வேண்டாம். இதற்கு ஆன்ம சோதனை என்று பெயர். 1540-ல் போப்பாண்டவரின் அனுமதியோடு சேசு சபை தொடங்கிய காலத்திலிருந்தே அந்தச் சபைக் குருக்கள் தினமும் செய்துவருவது. அதைத்தான் சாமி பெயர் சொல்லாமல் எங்களுக்கும் பழக்கினார்கள். முதல் வருஷம் எல்லோரும் தூங்கி விழுவோம். ஒன்பதாவது, பத்தாவது வரும்போது அது உள்ளே போய்விட்டது. மத்தியானம் ஒருவனைப் பட்டப்பெயர் சொல்லிக் கேவலப்படுத்தியிருந்தால், ராத்திரி அந்த இரண்டாவது கேள்வியில் அவன் முகம் வந்து நிற்கும். அடித்துத் திருத்துவதை விட இது பல மடங்கு வேலை செய்தது. அடியும் இருந்தது, மறைக்க மாட்டேன். பிரம்போடு வரும் ஆசிரியர்கள் இருந்தார்கள். அதை நான் எந்தக் காலத்திலும் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை காலை ‘மேனுவல்’. தோட்டம், சாப்பாட்டுக் கூடம், வராந்தா, கக்கூஸ் என்று வேலையைப் பிரித்து நோட்டீஸ் போர்டில் பட்டியல் போட்டுவிடுவார்கள். யாருக்கும் விலக்கு இல்லை. நான் ஏழாவது படிக்கும்போது ஒரு பையனின் அப்பா இதைக் கேள்விப்பட்டு வந்துவிட்டார். ஊரில் நிலபுலன் உள்ளவர். வராந்தாவிலேயே ஃபாதரைப் பிடித்துக்கொண்டார்.

“சாமி, படிக்கத்தான் புள்ளைய விட்டேன். எங்க வீட்ல இந்த வேலையெல்லாம் யாரும் பார்த்ததில்ல.”

ஃபாதர் கோபப்படவில்லை. அவரை நோட்டீஸ் போர்டு பக்கம் கூட்டிப் போனார். “கக்கூஸ் பட்டியல்ல நாலாவது பேரைப் படிங்கய்யா. நாந்தான். வர்ற சனிக்கிழமை எனக்கு.” அப்புறம் குரலை உயர்த்தாமல் ஒன்று கேட்டார். “உங்க பையனை விட்டுர்றேன். அவன் பங்கை யாரைச் செய்யச் சொல்லட்டும்? நீங்களே ஒரு பேரு சொல்லுங்க.”

அந்தப் பெரியவரால் பதில் சொல்ல முடியவில்லை. எந்தப் பையன்களின் பேர் அவர் மனதில் வந்திருக்கும் என்று அங்கே நின்ற எங்களுக்கெல்லாம் தெரியும், அவருக்கும் தெரியும். காபி குடித்துவிட்டு, கொண்டுவந்த முறுக்கு டின்னை மகனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பையன் விடுதியிலேயே இருந்தான். சாதி பற்றி நான் கேட்ட எந்தப் பேச்சும் அந்தக் கேள்வி அளவுக்கு எனக்குள் இறங்கவில்லை.

இதனால் கத்தோலிக்கர்களிடம் சாதி இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இருக்கிறது, அதை அவர்களே எங்களிடம் சொன்னார்கள். குருப் படிப்பின் நடுவில் ஓரிரு வருஷம் பள்ளிக்கு வந்து வேலை செய்யும் இளம் பிரதர்கள் உண்டு. அப்படி வந்த ஒரு பிரதர்தான் நீதிபோதனை வகுப்பில், திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் உள்ள கத்தோலிக்கக் கோயிலின் (சர்ச்) கதையைச் சொன்னார். ஒரே பீடத்தை இரண்டு சாதியாரும் தனித்தனியாக இருந்து பார்க்கிற மாதிரி, நடுவே தடுத்துக் கட்டிய கோயில். அந்தத் தடுப்பை 1910-ல் குருக்களே இடிக்க வைத்தார்கள், ஊரே இரண்டுபட்டது. கட்டியதும் எங்கள் சபைதான், இடித்ததும் எங்கள் சபைதான் என்று அந்த பிரதர் சொன்னார். தன் சபையின் தப்பைப் பதின்மூன்று வயதுப் பையன்கள் முன்னால் ஒரு மனிதர் ஒளிக்காமல் சொல்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இன்னொன்றும் அங்கேதான் புரிந்தது. எங்கள் வகுப்பில் ஒரே தெருவிலிருந்து வந்த இரண்டு பையன்கள். ஒருவன் இந்து ஆதிதிராவிடர், மற்றவன் கத்தோலிக்கன். இரண்டு பேரின் அப்பாவும் ஒரே வயலில் கூலி வேலை. உதவித்தொகைப் பட்டியலை ஆபீஸ் கிளார்க் வந்து படித்தபோது முதலாமவன் பெயர் வந்தது, இரண்டாமவன் பெயர் வரவில்லை. 1950-ல் குடியரசுத் தலைவர் போட்ட ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும்தான். பிறகு 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருவார்கள். அவனுடைய விடுதிக் கட்டணத்தில் பெரும்பகுதியை விடுதியே போட்டுக்கொண்டது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. அவனும் சொல்லவில்லை, ஃபாதரும் சொல்லவில்லை.

இப்போது, எந்தப் பள்ளி என்று பார்க்கச் சொன்னதற்கு வருகிறேன்.

கத்தோலிக்கச் சபைகள் இரண்டு விதமான பள்ளிகள் நடத்துகின்றன. ஒன்று பழைய அரசு உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கும், கட்டணம் குறைவு, கூலி வீட்டுப் பிள்ளையும் கடைக்காரர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருக்கும். இன்னொன்று பின்னால் வந்த ஆங்கில வழி, சுயநிதிப் பள்ளிகள். கட்டணம் அதிகம், கட்டடம் பளபளப்பு. இரண்டிலும் அதே சிலுவை, அதே ஃபாதர்கள். ஆனால் உள்ளே வாழ்க்கை ஒன்றல்ல. தனியார் பள்ளிகள் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்ற கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே சுயநிதிப் பள்ளியில் ஏழைகளுக்கு இடம் உண்டா இல்லையா என்பது முழுக்க நிர்வாகத்தின் மனசாட்சியைப் பொறுத்தது. சில பள்ளிகள் மனசோடு செய்கின்றன. சில பள்ளிகளில் வசதியுள்ளவர்கள் மட்டுமே படிக்கிறார்கள், அங்கே “பிறருக்காக வாழ்” என்று சுவரில் எழுதியிருப்பதால் ஒரு பயனும் இல்லை. அந்தப் பிறர் யார் என்று பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

சேசு சபைத் தலைவராக இருந்த பேத்ரோ அருப்பே 1973-ல் ஸ்பெயினின் வலென்சியாவில் தங்கள் பள்ளிகளின் பழைய மாணவர்களிடம் பேசும்போது, நீதிக்காக நிற்க உங்களுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்தோமா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். பெரிய இடத்துப் பிள்ளைகள் படித்த பள்ளிகள் அவை. கேட்டவர்களில் பலருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. எங்கள் தலைமையாசிரியர் பழைய மாணவர் கூட்டங்களில் அதை எடுத்துச் சொல்லாமல் விடமாட்டார்.

என் தங்கை படித்தது சிஸ்டர்கள் நடத்தும் வேறொரு பள்ளி. படிப்பு அருமை, ஆசிரியைகள் தங்கமானவர்கள். ஆனால் தலையில் பூ வைக்கக் கூடாது, பொட்டு சின்னதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு கெடுபிடி. எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். அவளுக்கு அது கடைசிவரை வருத்தம்தான், எனக்கும் அதில் உடன்பாடில்லை. ஆகவே இதையெல்லாம் சேர்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சேர்க்கை சமயத்தில் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். தாளாளர் அறையோடு திரும்பிவிடாமல் விடுதியைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். வார்டன் அங்கேயே தங்குகிறாரா, பிள்ளைகள் சாப்பிடுவதையே அவரும் சாப்பிடுகிறாரா என்று சமையல்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் தெரிந்துவிடும். விடுதியில் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகள் இருக்கிறார்களா என்று ஃபாதரிடம் நேராகக் கேளுங்கள். கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளுக்குப் பூசை நேரத்தில் என்ன ஏற்பாடு, மாதம் எத்தனை முறை வந்து பார்க்கலாம், அடிப்பார்களா, இவற்றையும் கேளுங்கள்.

சேர்த்த பிறகு ஆரம்பத்தில் பையன் அழுவான். ஃபோனில் அழுகிறான் என்று உடனே ஓடிப்போய்க் கூட்டிவந்துவிடாதீர்கள், காலாண்டு லீவு வரை பொறுங்கள். யாராவது அடித்தார்கள், கேலி செய்தார்கள் என்று அவன் சொன்னால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போய் விசாரியுங்கள். லீவு முடிந்தும் விடுதிக்குப் போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால், பள்ளி தினமும் போய்வரும் தூரத்தில் இருந்தால் அதே பள்ளிக்கு வீட்டிலிருந்தே அனுப்புங்கள்.