எஸ்டி கார்டை விட்டு எஸ்எஸ்டிக்கு மாறும்போது கேபிளையும் கவனியுங்கள்

வாசகர் கேள்வி: ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டரில், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஓடுகிறது. விளக்கு, ஃபேன், மேல்நிலைத் தொட்டி மோட்டார் எல்லாம் அதில்தான். ஒன்றரை வருடத்தில் இரண்டு எஸ்டி கார்டுகள் போய்விட்டன. இரண்டாவது, கரண்ட் போய் வந்த ஒரு ராத்திரியில் அப்படியே எழாமல் போனது. இப்போது மூன்றாவது கார்டில் ஓட்டுகிறேன். கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி டிஸ்க் போட்டால் தீருமா? எதை வாங்குவது? கம்பியில்லாமல் பேசும் ஜிக்பீ சென்சார்களை எல்லாம் மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டுமா?

பதில்: போடுங்கள், கார்டு தேய்ந்துபோகும் தொல்லை தீரும். ஜிக்பீ சென்சார்களை மறுபடி சேர்க்கத் தேவையில்லை. ஆனால் எஸ்எஸ்டி போட்ட பிறகும் திணறுகிற வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அங்கெல்லாம் கோளாறு டிஸ்க்கில் இருப்பதில்லை, டிஸ்க்குக்கும் ராஸ்பெரி பைக்கும் நடுவில் இருக்கும் கேபிளில், அல்லது அந்த இரண்டுக்கும் கரண்ட் கொடுக்கும் அடாப்டரில் இருக்கும். அதனால் அதைப் பற்றியே கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறேன்.

முதலில் கார்டு ஏன் போகிறது என்று பார்ப்போம். ஹோம் அசிஸ்டன்டில் ரெக்கார்டர் என்று ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் சென்சார்களில் எது மாறினாலும் அதை எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஒன்றில் எழுதி வைப்பது அதன் வேலை. நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் 5 நொடிக்கு ஒருமுறை எழுதும், 10 நாள் விவரத்தை வைத்திருக்கும். எழுதுவது என்னவோ துளித்துளியாகத்தான். ஆனால் ஃப்ளாஷ் மெமரியில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேலேயே திரும்ப எழுத முடியாது, ஒரு பெரிய பிளாக்கை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் அந்த இடத்தை மறுபடி பயன்படுத்த முடியும். நாலு வரி எழுதப்போய் உள்ளே அதைப்போல் பல மடங்கு எழுதவேண்டி வருகிறது. கேமராவுக்கும் ஃபோனுக்கும் செய்த கார்டு பெரிய படங்களை எப்போதாவது ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளத் தயாரானது, இரவு பகலாக இப்படித் துளித்துளியாக எழுதினால் தாங்காது. எஸ்எஸ்டியிலும் அதே ஃப்ளாஷ்தான், ஆனால் அதன் கன்ட்ரோலர் தேய்மானத்தை எல்லா இடத்துக்கும் பரப்பிவிடுகிறது, மாற்று இடமும் நிறைய வைத்திருக்கிறது. விலை குறைந்த 240 ஜிபி எஸ்எஸ்டிக்கே 80 டெராபைட் வரை எழுதலாம் என்று போட்டிருப்பார்கள். ஒரு நாளைக்கு 10 ஜிபி எழுதுவதாக வைத்துக்கொண்டாலும் (ஒரு வீட்டுக்கு அது மிக அதிகம்) 8,000 நாள், அதாவது ஏறக்குறைய 22 வருடம் வரும். அதற்குள் உங்கள் பையே பழசாகிவிடும். அதனால் விலை உயர்ந்த மாடலுக்குக் காசு கொட்டாதீர்கள். 120 ஜிபியே போதும், 240 ஜிபிக்கும் அதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் 240 வாங்குங்கள். வேகத்தையும் பார்க்க வேண்டாம், பை 4-இன் யுஎஸ்பி வழியாகப் போகும்போது எந்த எஸ்எஸ்டியும் போதிய வேகத்தில்தான் இருக்கும்.

மிச்சமாகும் காசை இரண்டு இடங்களில் செலவழியுங்கள்.

ஒன்று, எஸ்எஸ்டியின் சாட்டா இணைப்பை யுஎஸ்பியாக மாற்றும் கேபிள் அல்லது பெட்டி. அதற்குள் ஒரு சின்ன சிப் இருக்கும், எல்லாமே அதைப் பொறுத்ததுதான். என் வீட்டில் முதலில் போட்டது கடையில் கிடைத்த மலிவான கேபிள். பகலெல்லாம் நன்றாக ஓடும், விடியற்காலையில் பேக்கப் எடுக்கிற நேரத்தில், அதாவது டிஸ்க்கில் ஒரே மூச்சாக எழுத ஆரம்பித்ததும், யுஎஸ்பி இணைப்பு அறுந்து மறுபடி சேரும், அதற்குள் மொத்த அமைப்பும் உறைந்துவிடும். காலையில் எழுந்து வந்தால் வாசல் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். எஸ்எஸ்டிதான் கெட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன், அதுவும் அதேபோலத்தான். கேபிளை மாற்றிய அன்றோடு நின்றது. காரணம் யூஏஎஸ் என்ற வேகமான யுஎஸ்பி முறை: சில சிப்கள் அதைத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வரும், நெருக்கடி வந்தால் திணறும். ஜேமைக்ரானின் ஜேஎம்எஸ் 578 சிப் போட்ட சில அடாப்டர்களில் இந்தத் தொல்லையைப் பை பயன்படுத்துகிற பலர் பார்த்திருக்கிறார்கள். ஏஎஸ்மீடியாவின் ஏஎஸ்எம் 1153இ சிப் போட்டவற்றுக்கு நல்ல பெயர் உண்டு. பூட் பகுதியில் உள்ள ஒரு கோப்பில் அந்தச் சிப்பின் எண்ணைக் கொடுத்து யூஏஎஸ்ஸை அணைத்தும் சமாளிக்கலாம், ஆனால் புதிதாக வாங்கும்போதே அந்தத் தலைவலி எதற்கு? பெட்டியில் சிப் பெயர் போடவில்லையென்றால், பை 4-இல் பூட் ஆகிறது என்று வாங்கியவர்கள் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுக்க வசதி உள்ள கடையில் வாங்குங்கள்.

இரண்டாவது, கரண்ட். பை 4-இன் நான்கு யுஎஸ்பி போர்ட்டுகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி இதற்குள் அடங்கிவிடும். என்விஎம்ஈ என்ற இன்னும் வேகமான வகை டிஸ்க்கை யுஎஸ்பி பெட்டியில் போட்டு மாட்டினால் சில நேரம் அடங்காது, அதனால் பை 4-க்கு நான் சாட்டாவையே சொல்வேன். (பை 5 வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. அதில் பிசிஐஈ இணைப்பு இருப்பதால் எம்.2 ஹேட் என்ற துணைப் பலகையைப் போட்டு என்விஎம்ஈயை நேரடியாக மாட்டலாம், யுஎஸ்பி தொல்லையே இல்லை.) இந்த 1.2 ஆம்பியரைப் பை எங்கிருந்து கொடுக்கும்? அதன் அடாப்டரிலிருந்துதான். பை 4-க்கென்றே விற்கும் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள். ஃபோன் சார்ஜரில் 3 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் நீளமான மெல்லிய கேபிளில் வோல்டேஜ் வழியிலேயே விழுந்துவிடும், பைக்கு வந்து சேரும்போது 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை எச்சரிக்கை காட்டும். இதை நீங்கள் மானிட்டர் மாட்டிப் பார்க்கக்கூட வேண்டாம், ஹோம் அசிஸ்டன்டிலேயே ராஸ்பெரி பை பவர் சப்ளை செக்கர் என்று ஒரு இன்டக்ரேஷன் இருக்கிறது, மின்சாரம் போதவில்லையென்றால் அதுவே சொல்லும். இன்றைக்கே, எஸ்எஸ்டி வாங்கும் முன்பே, அதைப் போட்டுப் பாருங்கள். உங்கள் இரண்டு கார்டுகள் போனதில் அடாப்டருக்கும் பங்கு இருக்கலாம்.

அப்புறம் ஜிக்பீ. எஸ்எஸ்டி போட்ட மறுநாளே "சமையலறை சென்சார் காணாமல் போகிறது, கதவு சென்சார் தாமதமாகச் சொல்கிறது" என்று புலம்புகிறவர்கள் உண்டு. யுஎஸ்பி 3 இணைப்பு வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். 2012-லேயே இன்டெல் நிறுவனம் இதை அளந்து வெள்ளை அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஜிக்பீ பேசுவதும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான். எஸ்எஸ்டியை நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் மாட்டி அதற்கு ஒட்டியே, சென்சார்களோடு பேசும் ஜிக்பீ ஸ்டிக்கைச் சொருகினால், கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஃபோன் பேசுகிற மாதிரிதான். தீர்வு சுலபம்: ஸ்டிக்கைக் கறுப்பு நிற யுஎஸ்பி 2 போர்ட்டில், ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் வைத்து, பையிலிருந்தும் எஸ்எஸ்டியிலிருந்தும் தள்ளி வையுங்கள். இதைச் செய்யாமல் சென்சாரின் பேட்டரியை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

சரி, மாற்றுவது எப்படி? இரண்டு வழி இருக்கிறது. சுலபமான வழியில், ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஸ்எஸ்டியை மாட்டி, செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போய், மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியில் மூவ் டேட்டா டிஸ்க் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும், டேட்டாபேஸ் உட்பட எல்லாம் எஸ்எஸ்டிக்குப் போய்விடும். அந்த எஸ்எஸ்டியில் ஏற்கெனவே எது இருந்தாலும் அழிந்துபோகும் என்பதை மறக்காதீர்கள். இந்த வழியில் பை கார்டிலிருந்துதான் பூட் ஆகும், ஆனால் கார்டில் எழுதுவது அனேகமாக நின்றுவிடும், அதனால் கார்டு நெடுநாள் உழைக்கும்.

இன்னொரு வழி கார்டையே ஒழித்துக்கட்டுவது. உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான், ஏனென்றால் இரண்டு கார்டுகள் போன இடத்தில் மூன்றாவதை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் முழு பேக்கப் எடுத்து அதைக் கம்ப்யூட்டரில் இறக்கி வையுங்கள். 2025 ஜனவரி பதிப்பிலிருந்து தானாக எடுக்கும் பேக்கப்கள், நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால், பூட்டப்பட்டுத்தான் வருகின்றன, அதைத் திறக்கும் சாவி எமர்ஜென்சி கிட் என்ற கோப்பில் இருக்கும். அதையும் இறக்கிக்கொள்ளுங்கள், ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்தாலும் சரி. சாவி இல்லாமல் அந்தப் பேக்கப் ஒன்றுக்கும் உதவாது, இதைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பவர்களுக்கு யாராலும் ஒன்றும் செய்துகொடுக்க முடிவதில்லை. பிறகு எஸ்எஸ்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டி, ராஸ்பெரி பை இமேஜர் என்ற மென்பொருளில் ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ்ஸை எழுதுங்கள். உங்கள் பை 2020 செப்டம்பருக்கு முன்பு வாங்கியது என்றால் அதன் பூட்லோடருக்கு (பையை எழுப்பும் சின்ன நிரல்) யுஎஸ்பியிலிருந்து எழத் தெரியாமல் இருக்கலாம். அதே இமேஜரில் பூட்லோடருக்கென்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் யுஎஸ்பி பூட்டைத் தேர்ந்தெடுத்து ஏதாவது ஒரு பழைய கார்டில் எழுதி, பையில் ஒருமுறை போட்டு எழுப்பினால் போதும். பச்சை விளக்கு சீராக வேகமாகச் சிமிட்டும், மானிட்டர் இருந்தால் திரை முழுக்கப் பச்சையாகும், அப்போது வேலை முடிந்தது என்று பொருள்.

இனி எஸ்எஸ்டியை மாட்டி ஆன் செய்யுங்கள், கார்டைக் கட்டாயம் வெளியே எடுத்துவிட்டு. கார்டிலும் ஹோம் அசிஸ்டன்ட், எஸ்எஸ்டியிலும் ஹோம் அசிஸ்டன்ட் என்று இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தால், எந்த டேட்டாவை எடுப்பது என்று அமைப்பு குழம்பிவிடும், பல பேருக்கு "மீட்டெடுத்தேன், பழைய நிலையிலேயே இருக்கிறது" என்று ஆவது இதனால்தான். முதல் திரையில் பேக்கப்பிலிருந்து மீட்கும் வசதி வரும், கோப்பைக் கொடுத்து, சாவியைக் கொடுத்து, பொறுமையாக இருங்கள். பக்கம் நகராதது போலத் தெரிந்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும், அவசரப்பட்டுக் கரண்டைப் பிடுங்காதீர்கள். ஜிக்பீ இணைப்பு விவரங்கள் பேக்கப்பிலும் ஸ்டிக்கிலுமாக இருப்பதால், அதே ஸ்டிக்கைத் திரும்பச் சொருகினால் சென்சார்கள் தாமாகவே வந்துவிடும்.

எஸ்எஸ்டி வந்துவிட்டது என்பதற்காகக் கண்டதையும் எழுதவிட வேண்டாம். கரண்ட் அளக்கும் ஸ்மார்ட் பிளக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வோல்டேஜ் 231.4, உடனே 231.6, மறுபடி 231.3 என்று அது ஆடிக்கொண்டே இருக்கும். 10 நொடிக்கு ஒருமுறை மாறினாலே ஒரு நாளைக்கு 8,640 வரி. வோல்டேஜ், ஆம்பியர், வாட் என்று மூன்றும் சேர்ந்தால் 10 நாளில் ஒரே ஒரு பிளக்குக்கு 2,59,200 வரி. போன செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு உங்கள் வீட்டில் வோல்டேஜ் என்ன என்று நீங்கள் பார்க்கப்போகிறீர்களா? வோல்டேஜையும் ஆம்பியரையும் கான்ஃபிகரேஷன் கோப்பில் ரெக்கார்டருக்குக் கீழே எக்ஸ்க்ளூட் செய்துவிடுங்கள். யூனிட் கணக்குச் சொல்லும் கிலோவாட் மணி சென்சாரை மட்டும் தொடாதீர்கள், அதை விலக்கினால் எனர்ஜி டாஷ்போர்டுக்கு நெடுங்காலக் கணக்கு சேராது. பழைய வரிகள் 10 நாளில் தாமாகக் கழிந்துவிடும், கோப்பின் அளவும் சுருங்க வேண்டுமென்றால் பழையதை நீக்கும் ரெக்கார்டர் பர்ஜ் என்ற செயலை ரீபேக் தேர்வோடு ஒருமுறை ஓட்டுங்கள்.

கரண்ட் போய் வந்த ராத்திரி பற்றிச் சொன்னீர்களே, அதை எஸ்எஸ்டி மட்டும் தீர்க்காது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எஸ்எஸ்டியில் உள்ள டேட்டாபேஸும் உடையலாம். அப்படி உடைந்தால் ஹோம் அசிஸ்டன்ட் பழையதை ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடும், கான்ஃபிகரேஷன் கோப்புறையில் கரப்ட் என்ற பெயரோடு ஒரு கோப்பு கிடந்தால் அதுதான் அதன் தடயம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், அந்த மோடில் மாறுகிற நேரம் குறைவு, பை அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ரூட்டருக்கு விற்கும் மினி யுபிஎஸ்ஸை அப்படியே பைக்கு மாட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அது 12 வோல்ட், பைக்கு வேண்டியது 5 வோல்ட். 5 வோல்ட் யுஎஸ்பி போர்ட் கொடுத்திருந்தாலும் அதில் 3 ஆம்பியர் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக மோட்டார். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. எஸ்எஸ்டி போட்டாலும் ஹோம் அசிஸ்டன்ட் அப்டேட் ஆகும்போது சில நிமிடம் நிற்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்த ஆள் இல்லை. தொட்டியில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் மாட்டி, தொட்டி நிறைந்ததும் மோட்டார் ஸ்டார்ட்டரின் கன்ட்ரோல் லைன் நேரடியாகத் துண்டாகும்படி எலக்ட்ரீஷியனை வைத்து இணைத்துவிடுங்கள். கீழே சம்ப் இருந்தால் அதிலும் ஒன்று, தண்ணீர் தீர்ந்த பிறகும் ஓடி மோட்டார் காய்ந்துபோகாமல் இருக்கும். மோட்டாரை எப்போது போடுவது என்பதை ஹோம் அசிஸ்டன்ட் பார்த்துக்கொள்ளட்டும், நிறுத்துகிற பொறுப்பு ஃப்ளோட் சுவிட்சிடம் இருக்கட்டும்.