450 டாலருக்குள் நம்பகமான கைத்துப்பாக்கி

அமெரிக்காவில் வாழும் தமிழர்களிடமிருந்து வந்த நான்கு கேள்விகள் இந்த முறை. நான்கும் கைத்துப்பாக்கி வாங்குவது, வைத்திருப்பது பற்றியவை.

கேள்வி: ஹூஸ்டனில் பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த சிறிய கடை நடத்துகிறேன். கிரீன் கார்டு கிடைத்து நான்கு வருடம் ஆகிறது. நான் வீடு திரும்ப நள்ளிரவு ஆகிவிடும். அதுவரை மனைவியும் எட்டு வயதுப் பையனும் தனியாக இருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கதவை உடைத்துப் புகுந்துவிட்டார்கள். வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கட்டும் என்று நினைக்கிறோம். எல்லாம் சேர்த்து 450 டாலருக்கு மேல் முடியாது. அடகுக் கடையில் 120 டாலருக்கு ஒரு குட்டி பிஸ்டல் பார்த்தேன். அதை எடுக்கலாமா?

பதில்: அந்தக் குட்டி பிஸ்டல் வேண்டாம். அந்த விலையில் அடகுக் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பவை எங்கிருந்து வந்தவை என்று தெரிந்தால் நீங்களே விட்டுவிடுவீர்கள்.

1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் மலிவான குட்டித் துப்பாக்கிகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதைத் தடுத்தது. ஆனால் உள்நாட்டில் செய்வதைத் தடுக்கவில்லை. அந்த ஓட்டையில் லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி ரேவன், ஜென்னிங்ஸ், பிரைகோ, லார்சின், டேவிஸ் என்று கம்பெனிகள் முளைத்தன. துத்தநாகக் கலவையை வார்த்துச் செய்த பிஸ்டல்களை லட்சக்கணக்கில் விற்றன. பிரைகோவின் ஒரு மாடலில் உள்ளே இருக்கும் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமென்றால், தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டியைத் தளர்த்தியே ஆகவேண்டும். அதாவது, துப்பாக்கியைக் காலி செய்கிற அந்த நேரத்தில்தான் அது சுடத் தயாராக இருக்கும். 1994-இல் கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டில் அப்படிக் காலி செய்யப் பார்த்தபோது குண்டு பாய்ந்து, ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்துபோனது. 2003-இல் நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் கம்பெனி திவால் என்று அறிவித்துக்கொண்டது. அந்தக் கம்பெனிகள் மூடிவிட்டன. அவர்கள் செய்த பிஸ்டல்கள் மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. பழுதானால் கேட்க ஆளில்லை, உதிரி பாகமும் கிடையாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மிக்சி, தொட்டில், பொம்மை என்று எதில் குறை இருந்தாலும் திரும்பப் பெறச் சொல்ல இந்த நாட்டில் ஓர் அரசு ஆணையம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கிகளை அந்த ஆணையத்தின் அதிகாரத்துக்கு வெளியே வைத்துவிட்டது. குறையுள்ள துப்பாக்கியைத் திரும்பப் பெறுங்கள் என்று கம்பெனிக்கு உத்தரவிட அதனால் முடியாது. கம்பெனி தானாக முன்வர வேண்டும், அல்லது யாராவது வழக்குப் போட வேண்டும். அதனால் நம் பக்கத்துக் கவனம் இரண்டு மடங்கு இருக்க வேண்டும்.

சரி, எதை வாங்கலாம்? வீட்டில் வைக்கத்தானே வாங்குகிறீர்கள். அப்படியானால் சின்னதாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. முதல்முறை வாங்குகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். சின்ன துப்பாக்கி பழக லேசு என்று நினைக்கிறார்கள், உண்மை தலைகீழ். எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கூடும், பிடிக்க இடம் இருக்காது, குறி தவறும். பத்து குண்டு சுட்டதும் உள்ளங்கை எரிகிறது என்று வைத்துவிடுவார்கள், அப்புறம் பயிற்சிக்கே போக மாட்டார்கள்.

முழு அளவுள்ள ஒரு 9 எம்எம் பிஸ்டல் எடுங்கள். புதிதாக என்றால் ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனியின் எஸ்டி9, டாரஸ் கம்பெனியின் ஜி3 இரண்டும் 300 டாலரை ஒட்டிக் கிடைக்கும். நான் முதலில் எஸ்டி9-ஐத்தான் சொல்வேன். ட்ரிக்கர் கொஞ்சம் கனம், அழகாகவும் இருக்காது. ஆனால் அடிப்படை வேலையை ஒழுங்காகச் செய்யும், பின்னால் நிற்கும் கம்பெனியும் பெரியது. இதற்கும் கீழே, சுமார் 200 டாலருக்கு, ஓஹையோவில் செய்யும் ஹை-பாயின்ட் சி9 இருக்கிறது. அதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு, நான் செய்ய மாட்டேன். எத்தனை கை மாறியிருந்தாலும், இப்போது யார் கையில் இருக்கிறதோ அவருக்கு ஆயுள் உத்தரவாதம் தருகிறார்கள். கையில் காசே இல்லாதவருக்கு அடகுக் கடைச் சரக்கைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் குண்டு புறப்படும்போது பின்னோக்கி வரும் விசையை, ஸ்லைடு எனப்படும் முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதியின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே தாங்குகிற அமைப்பு அதில். அதனால் ஸ்லைடு செங்கல் மாதிரி கனக்கும், இழுப்பதும் கடினம்.

ஸ்லைடை இழுப்பது என்றதும் உங்கள் மனைவி ஞாபகம் வருகிறது. நள்ளிரவு வரை வீட்டில் இருக்கப்போவது அவர்தான். எனவே கடைக்கு அவரையும் அழைத்துப் போங்கள், காலித் துப்பாக்கியில் அவரே ஸ்லைடை இழுத்துப் பார்க்கட்டும். முதலில் எல்லாரும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளித்தான் இழுப்பார்கள், அசையாது. இடது கை முழுவதையும் ஸ்லைடின் மேல் கவிழ்த்துப் பிடித்து, குழல் பாதுகாப்பான பக்கம் நோக்கியிருக்க, வலது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ள வேண்டும். என் மனைவிக்கு ஐந்தாவது தடவைதான் வந்தது, அதற்கப்புறம் மறக்கவில்லை. எப்படிச் செய்தாலும் வரவில்லை என்றால், சுழலும் உருளையில் தோட்டா வைக்கும் ரிவால்வர் பக்கம் போங்கள். அதைப் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

இப்போது கணக்கு. துப்பாக்கி 300. ஹூஸ்டனில் விற்பனை வரி 8.25 சதவீதம், அது 25. பூட்டுப் பெட்டி 35. பயிற்சித் தோட்டா ஐம்பது கொண்ட பெட்டி சுமார் 14 டாலர், நான்கு பெட்டி 56. சுடும் பயிற்சிக் கூடத்தில் ஒரு மணி நேரம் 20. மொத்தம் 436. 450-ஐயும் துப்பாக்கிக்கே கொடுத்துவிட்டால், சுட்டே பார்க்காத ஒரு பொருள் அலமாரியில் கிடக்கும். அது வேலை செய்யுமா என்பது உங்களுக்கும் தெரியாது.

அந்த 200 தோட்டாவும் சோதனைக்குத்தான். உங்கள் கையால், உங்கள் மேகசின்களில் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) போட்டுச் சுட்டுப் பாருங்கள். சிக்கினால் முதலில் மேகசினைச் சந்தேகப்படுங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான். நான் மேகசின் அடியில் நெயில் பாலிஷால் 1, 2 என்று எழுதி வைத்திருக்கிறேன், எது சிக்குகிறது என்று உடனே தெரியும். கடைசி நூறு தோட்டா ஒரு தடவையும் சிக்காமல் போனால் நம்பலாம். இல்லையென்றால் கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள்.

பூட்டு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து என் பேச்சைக் கேளுங்கள். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கியோடு ஒரு பூட்டும் தந்தாக வேண்டும் என்பது மத்திய அரசின் சட்டம். கம்பி வடிவில் ஒன்று பெட்டிக்குள் இருக்கும். அது போதாது, சாவி போட்டுப் பூட்டும் இரும்புப் பெட்டி வாங்குங்கள். உயரமான அலமாரி பையனுக்கு எட்டாது என்று நினைக்காதீர்கள். எட்டு வயதுப் பையனுக்கு நாற்காலி போடத் தெரியும். டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கி கிடைக்கும்படி விட்டால் அது குற்றம். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மனம் உடைந்துபோய் இருக்கிறார்கள் என்றால், அது சரியாகும் வரை துப்பாக்கி வீட்டுக்குள் வரவே வேண்டாம். 988 என்ற எண்ணை அழைத்தால் இரவு பகல் எந்நேரமும் பேச ஆள் இருக்கிறது.

கடைக்குப் போகும்போது கிரீன் கார்டையும் ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துச் செல்லுங்கள். துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 என்ற படிவத்தில் உங்கள் குடியேற்ற எண்ணைக் கேட்பார்கள். உரிமத்தில் பழைய வீட்டு முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், பலர் திரும்பி வருவது அதனால்தான்.

கேள்வி: போலீஸ் பயன்படுத்திய பழைய துப்பாக்கிகள் மலிவாக வருகின்றனவே, நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். குறைந்த பணத்தில் நல்ல பொருள் வேண்டும் என்றால் எனக்குப் பிடித்த வழியே இதுதான். 1990-இல் வந்த, 9 எம்எம்மைவிடப் பெரிய .40 தோட்டாவைப் பிடித்துக்கொண்ட போலீஸ் துறைகள் பல, எஃப்பிஐ மீண்டும் 9 எம்எம்முக்கு வந்ததும் தாங்களும் மாறின. அந்தத் தோட்டாவைச் சுடும் பழைய கிளாக் 22 பிஸ்டல்கள் கூட்டமாகச் சந்தைக்கு வந்துவிட்டன. வருடக்கணக்கில் உறையிலேயே இருந்ததால் வெளிப்பூச்சு உராய்ந்திருக்கும், சுட்டது குறைவாக இருக்கும். ஒரே குறை, .40 தோட்டா விலையும் அதிகம், உதைப்பும் அதிகம்.

அதற்கு முந்தைய தலைமுறை, ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10 ரிவால்வர். 1899-இல் தொடங்கிய வரிசை. ஸ்லைடு இல்லை, மேகசின் இல்லை. வாங்கும் முன் உருளையைத் திறந்து ஆறு அறையும் காலி என்று நீங்களே பாருங்கள். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, துப்பாக்கியின் பின்புறம் இருக்கும் சுத்தியலைப் பின்னால் இழுத்து, விரலால் மெல்லத் தாங்கியபடி ட்ரிக்கரை அழுத்திச் சுத்தியலை இறக்குங்கள். ட்ரிக்கரை விடாமல் உருளையை ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் அசைவு இருக்கலாம், லொடலொடவென்று ஆடினால் வைத்துவிடுங்கள். ஆறு அறைக்கும் இதைச் செய்யுங்கள்.

பழையதில் டாரஸ் பார்த்தால் மாடல் பெயரைக் கவனியுங்கள். பிடி-111 மில்லெனியம், பிடி-140, பிடி-145, 24/7 உள்ளிட்ட ஒன்பது மாடல்கள் கீழே விழுந்தாலே வெடிக்கும் என்ற வழக்கு 2015-இல் சமரசத்தில் முடிந்தது. கிட்டத்தட்ட பத்து லட்சம் பிஸ்டல்கள் அதில் அடக்கம். கம்பெனி தவறை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் அந்த மாடல்களை நான் தொட மாட்டேன்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். மனைவி அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். என் பணத்தில் எனக்காக அவர் பெயரில் வாங்கலாமா?

பதில்: கூடாது. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்திய சட்டம் தடுக்கிறது. காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு, அந்த உரிமம் முடிந்த நாளோடு விலக்கும் முடியும். உங்களுக்காக மனைவி படிவத்தில் “நானே வாங்குகிறேன்” என்று எழுதுவது பினாமி கொள்முதல். 2022-இல் வந்த சட்டப்படி 15 வருடம் வரை சிறை. துப்பாக்கிக் குற்றம் நாடுகடத்தலுக்கும் காரணமாகும். மனைவி தனக்காகவே வாங்கினாலும், சாவி உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் சிக்கல் உங்களுக்கு. முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், அந்தக் கட்டணம் வீண்செலவு அல்ல.

கேள்வி: பயிற்சிக் கூடத்துக்கு எடுத்துப்போகும் பையையே ஊருக்குப் போகும்போதும் எடுத்துச் செல்கிறேன். தவறா?

பதில்: இன்றோடு நிறுத்துங்கள். பையின் ஓரத் தையலுக்குள் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்தாலும் இந்திய விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். தெரியாமல் இருந்துவிட்டது என்று நீதிமன்றத்தில் நிரூபித்து வெளியே வந்தவர்கள் உண்டு, ஆனால் விடுமுறை முழுக்க அதிலேயே போய்விடும். பயிற்சிக்கென்று பழைய பை ஒன்றை ஒதுக்கி, அதைக் கார் டிக்கியிலேயே வையுங்கள், ஊர்ப் பெட்டிகள் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.