கேள்வி – பதில்: துப்பாக்கிச் சட்டமும் நிறவெறியும்

கேள்வி: அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்ப்பவர்கள், அந்தச் சட்டங்களே கறுப்பினத்தவரை ஒடுக்குவதற்காகப் பிறந்தவை என்று வாதிடுகிறார்களே, இது உண்மையா, வெறும் பிரசாரமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பிரசாரத்துக்குப் பயன்படுகிறது என்பதாலேயே ஒரு வரலாறு பொய்யாகிவிடாது. வர்ஜீனியா ஆங்கிலேயரின் குடியேற்றமாக இருந்த 1680ஆம் ஆண்டிலேயே, கறுப்பினத்தவரோ பிற அடிமைகளோ தடி, கம்பு, துப்பாக்கி, வாள் எதையும் ஏந்தக் கூடாது என்று சட்டம் இயற்றி, மீறுவோருக்கு வெற்று முதுகில் 20 கசையடி என்று விதித்தது. 1831இல் அதே வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பின்னர், தென்மாநிலங்களை அச்சம் பிடித்துக்கொண்டது. டென்னசி மாநிலம் 1834இல் தன் அரசியலமைப்பைத் திருத்தி எழுதியபோது, ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை "சுதந்திர மனிதர்களுக்கு" உண்டு என்றிருந்த இடத்தில் "வெள்ளை" என்ற ஒரு சொல்லைச் செருகியது.

அடிமை முறை ஒழிந்த 1865ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி கொண்டுவந்த சட்டம் இன்னும் நுட்பமானது. ராணுவப் பணியில் இல்லாத, உள்ளூர் வாரியத்தின் உரிமம் பெறாத கறுப்பினத்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ குத்துவாளோ வைத்திருந்தால் 10 டாலர் வரை அபராதம். பறிமுதலான ஆயுதம் காட்டிக்கொடுத்தவருக்கே சேரும். இந்தக் கடைசி விதியைக் கவனியுங்கள்: அக்கம்பக்கத்தாரை அரசு ஒற்றராக்கிக்கொண்டது, அதற்கான கூலியையும் பறிகொடுத்தவனிடமிருந்தே எடுத்துக் கொடுத்தது. (நமக்கும் இது முற்றிலும் அந்நியமான கதை அன்று, லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், இந்தியரை உரிமத்துக்காகக் காத்திருக்க வைத்துவிட்டு ஐரோப்பியருக்கு விலக்களித்தது.)

சட்டத்தின் சமமான பாதுகாப்பை எல்லோருக்கும் உறுதிசெய்த, அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் 1868இல் நடைமுறைக்கு வந்ததும், நிறத்தைச் சட்டத்தில் பெயர் சொல்லி எழுத வழியில்லாமல் போயிற்று. அதன்பின் அந்தப் பாகுபாடு உரிமம் வழங்கும் அதிகாரியின் மேசைக்கு இடம் மாறியது. புளோரிடாவில் 1893இல் வந்த சட்டம், வின்செஸ்டர் போன்ற தொடர்சுடும் துப்பாக்கிகளை உரிமமின்றி வைத்திருக்கக் கூடாது என்று எல்லோருக்கும் பொதுவாகவே சொன்னது. ஆனால் 1941இல் இதையொட்டிய வழக்கொன்று அம்மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதி புஃபர்ட் தம் தனிக் கருத்தில் உள்ளதை உள்ளபடியே எழுதிவைத்தார்: பைன் மரங்களிலிருந்து டர்பன்டைன் எடுக்கும் காடுகளிலும் மர முகாம்களிலும் வேலைக்கு வந்து குவிந்த கறுப்பினத் தொழிலாளரை நிராயுதபாணிகளாக்கவே இச்சட்டம் பிறந்தது; வெள்ளையர் மீது பாய்வது இதன் நோக்கமும் அன்று, வழக்கமும் அன்று. கிராமப்புற வெள்ளை ஆண்களில் 80 விழுக்காட்டினருக்கு மேல் இச்சட்டத்தை மீறியிருப்பார்கள் என்பது அவருடைய கணிப்பு.

1956இல் அலபாமாவின் மாண்ட்கோமரியில் வீட்டின் மீது குண்டு வீசப்பட்ட பிறகு, மார்ட்டின் லூதர் கிங் காரில் துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் கேட்டு ஷெரிப் அலுவலகத்துக்குப் போனார்; மறுத்துவிட்டார்கள். வடக்கும் மேற்கும் இதற்கு விலக்கல்ல. கலிபோர்னியாவில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தலாம் என்றிருந்த சட்டத்தைப் பயன்படுத்தி, கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் ஓக்லாந்தில் போலீஸ் ரோந்தைப் பின்தொடர்ந்து கண்காணித்தனர். அதைத் தடுக்க மல்போர்ட் என்ற சட்டமன்ற உறுப்பினர் மசோதா கொண்டுவர, 1967 மே 2 அன்று அவர்கள் துப்பாக்கிகளுடனேயே சாக்ரமென்டோ சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். மசோதா விரைந்து நிறைவேறியது. கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன், துப்பாக்கி உரிமைக்காரர்கள் பிற்காலத்தில் கொண்டாடிய அதே ரீகன்தான்.

கேள்வி: அப்படியானால் துப்பாக்கிக் கட்டுப்பாடே நிறவெறி என்று சொல்லிவிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அது அவசரத் தீர்ப்பு. 1976இல் வாஷிங்டன் நகரில் கைத்துப்பாக்கிகளுக்குத் தடை விதித்தது கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இருந்த நகர மன்றம். மக்கள்தொகையில் ஏறத்தாழ 13 விழுக்காடாக உள்ள கறுப்பினத்தவரே துப்பாக்கிக் கொலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேல் இருக்கும்போது, கட்டுப்பாடு வேண்டும் என்ற குரல் அவர்களிடமிருந்தே எழுவதில் வியப்பில்லை.

தவிர, அரசு ஒதுங்கி நின்றதும் அவர்களுக்குத் தீங்காகவே முடிந்திருக்கிறது. 1873இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் ஆயுதமேந்திய வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவரைக் கொன்று குவித்தது. குற்றவாளிகள் எனத் தீர்ப்பான சிலரையும் 1876இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஆயுத உரிமை குறித்த 2ஆவது திருத்தம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், தனிமனிதர் அந்த உரிமையைப் பறித்தால் அது பொருந்தாது என்றது.

ஆகவே, ஒரு சட்டம் துப்பாக்கியைக் கட்டுப்படுத்துகிறதா என்று கேட்பதைவிட, கொடுப்பதும் மறுப்பதும் யாருடைய விருப்பத்தில் இருக்கின்றன என்று கேட்பதே சரி என்பது என் எண்ணம். துப்பாக்கி ஏந்தச் சிறப்புக் காரணம் காட்டி அதிகாரியின் மனத்தைத் திருப்திப்படுத்த வேண்டும் என்றிருந்த நியூயார்க் விதியை உச்ச நீதிமன்றம் 2022இல் ரத்து செய்தது. அந்த வழக்கில், ஏழைகளுக்காக வாதாடும் பொது வழக்கறிஞர்களே, அவர்களில் கறுப்பினத்தவரும் உண்டு, அவ்விதிக்கு எதிராக மனு அளித்திருந்தார்கள்.

உரிமம் கையில் இருந்தாலும் கதை முடிவதில்லை. 2016இல் மினசோட்டாவில் காரை நிறுத்திய போலீஸ்காரரிடம், தம்மிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொன்ன கறுப்பின இளைஞர் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் முறையான உரிமம் பெற்றிருந்தவர். சுட்ட போலீஸ்காரர் மறு ஆண்டே விடுதலையானார்.