எஃப் 3.5 வைத்தும் பின்னணி மங்கவில்லை: பூக்கடைப் படத்துக்குப் பதில்

பூக்கடையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவை எடுத்த படத்தில் பின்னணி ஏன் மங்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். லென்ஸின் ஜூமை (குவியத் தூரத்தை) 18 மி.மீ.யிலிருந்து 55 மி.மீ.க்குத் திருப்பி, அம்மாவின் இடுப்புக்கு மேல் மட்டும் வருகிற மாதிரி நெருங்கி எடுங்கள். எஃப் எண் (குவியத் தூரத்தை லென்ஸ் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது) 5.6 ஆகிவிடும், பரவாயில்லை. பின்னணி முன்பைவிட அதிகமாகவே மங்கும்.

கேமராவோடு சேர்த்துத் தரும் 18-55 கிட் லென்ஸில் 3.5 வைத்தும் பின்கடைப் பலகையின் எழுத்தெல்லாம் படிக்க முடிகிறது என்கிறீர்கள். அந்த 3.5 கிடைப்பது 18 மி.மீ.யில்தான். அங்கே துவாரத்தின் விட்டம் 18 ÷ 3.5, சுமார் 5 மி.மீ. 55-இலோ 55 ÷ 5.6, கிட்டத்தட்ட 10 மி.மீ. முகம் ஒரே அளவில் இருந்தால், தூரத்தில் இருப்பது எவ்வளவு மங்கும் என்பதை இந்த விட்டம்தான் முடிவு செய்கிறது.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒருவரை நிற்க வைத்து, முகம் ஒரே அளவில் வரும்படி 18-இல் நெருங்கி ஒன்று, 55-இல் தள்ளி நின்று ஒன்று. பின்னால் தூரத்தில் தெரியும் ஒரு சின்ன விளக்கு எவ்வளவு பெரிய மங்கல் வட்டமாக விரிகிறது என்று ஒப்பிடுங்கள்.

அப்புறம், உங்கள் படத்தில் அம்மாவின் தலைக்கு நேர் மேலே டியூப் லைட் நிற்கிறது. கண் முதலில் அங்கேதான் போகிறது. ஓரடி இடப்பக்கம் நகர்ந்து, கொஞ்சம் குனிந்து, கடையின் இருட்டான உட்புறம் தலைக்குப் பின்னால் வருகிற மாதிரி பாருங்கள். வெள்ளை மல்லிகைச் சரமும் முகமும் தானாக எடுபடும். எனக்கு இதுதான் லென்ஸைவிட முக்கியம்.

ஒன்று கவனம்: மாலை வெளிச்சத்தில் 5.6 என்றால் ஷட்டர் வேகம் குறையும். 1/100 நொடியை விட மெதுவாகப் போனால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) ஏற்றிவிடுங்கள். அவர் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தால் எந்த லென்ஸும் பெரிதாக மங்கவைக்காது.