ஸ்டென்ட் வைத்தபின் பக்கவாதம் வரும் ஆபத்து பெண்களுக்கு அதிகமா?

"அம்மாவுக்கு 71 வயது, இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்கச் சொல்கிறார்கள். அதற்குப்பின் பெண்களுக்குத்தான் பக்கவாதம் அதிகம் வரும் என்கிறார் உறவினர்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் சொன்னது பாதி உண்மை. நான் மருத்துவர் இல்லை, இதய சிகிச்சைப் பிரிவில் செவிலியர். ஸ்டென்ட், அதாவது அடைப்பை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழாய், வைப்பதையொட்டிப் பக்கவாதம் வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. பைபாஸ் என்றால் நூற்றில் ஓரிருவர். இரண்டிலுமே பெண்களுக்குச் சற்றுக் கூடுதல் என்றுதான் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

காரணம் பெரும்பாலும் வயது. பெண்களுக்கு இதய நோய் ஆண்களைவிடச் சில வருடங்கள் பிந்தி வருகிறது. அதற்குள் பிரஷர், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு என்று எல்லாம் சேர்ந்துவிடும். கையிலோ தொடையிலோ செலுத்தும் மெல்லிய குழாய், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனிக்குள் புகுந்துதான் இதயத்தை அடையும். அங்கே படிந்த கொழுப்பிலோ சுண்ணாம்பிலோ ஒரு துணுக்கு பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். வயதானவர்களுக்கு இந்தப் படிவு அதிகம். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மருந்து உடல் எடைக்கு மீறினால் மூளையில் ரத்தக்கசிவும் வரலாம். ஒல்லியான பெண்களுக்கு மருந்தின் அளவில் கூடுதல் கவனம் வேண்டும் என்பது இதனால்தான்.

வயதையும் மற்ற நோய்களையும் கணக்கில் கொண்டால் ஆண் பெண் வித்தியாசம் குறைந்துவிடுகிறது. முழுதாக மறைகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. இந்தச் சிகிச்சைகளின் பெரிய ஆய்வுகளில் நாலில் ஒரு பங்குதான் பெண்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை.

அம்மாவின் மருத்துவரிடம் கேளுங்கள்: மணிக்கட்டு வழியாகச் செய்ய முடியுமா? எடையையும் சிறுநீரகப் பரிசோதனையையும் பார்த்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்கிறார்களா? இதயத் துடிப்பு சீராக இருக்கிறதா?

சிகிச்சை முடிந்ததும் கூடவே இருங்கள். "அசதியா இருக்கு, தலை ஒரு மாதிரி இருக்கு" என்று ஒரு பெண் சொன்னால் மயக்க மருந்து என்றோ தூக்கமில்லை என்றோ விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள். சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தாழ்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே செவிலியரைக் கூப்பிட்டு, கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைச் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். ரத்தக்கசிவு பயத்தால் ஊசி போட முடியாவிட்டாலும், மூளையின் பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு என்றால் ரத்தக்கட்டியை மெல்லிய குழாய் செலுத்தியே எடுக்கலாம்.

வீட்டுக்கு வந்தபின் ஆஸ்பிரினையும் கூடவே தரும் இன்னொரு மாத்திரையையும், பல் பிடுங்குவதற்காக இருந்தாலும், இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.