ஒரு நாள் டூரில் நான்கு ஊர்: நடை சாத்தும் நேரத்தைப் பார்த்தீர்களா?

கேள்வி: புதுச்சேரியிலிருந்து காலையில் கிளம்பி பிச்சாவரம், சிதம்பரம், கங்கைகொண்ட சோழபுரம், தரங்கம்பாடி நான்கையும் ஒரே நாளில் வழிகாட்டியோடு காட்டுவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். வயதான அம்மாவும் வருகிறார். நம்பிப் பணம் கட்டலாமா?

பதில்: அந்தப் பட்டியலுக்குக் கட்டாதீர்கள். முதலில் பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டில் படகு, பிறகு சிதம்பரம் என்றால் கோயிலுக்குப் போய்ச் சேரும்போது உச்சிப்பொழுது ஆகிவிடும். நடராஜர் கோயில் நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும். வெளியிலிருந்து கோபுரத்தைக் காட்டி வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். கேட்டால், "சிதம்பரம் கூட்டிட்டுப் போனோமே" என்பார்கள். இந்தப் பட்டியல்களை ஒருவரும் சரிபார்ப்பதில்லை. புகார் என்று போனால் ஒரு மேசை இன்னொரு மேசையைக் கைகாட்டும்.

காலையில் நேரே சிதம்பரம் போங்கள், 65 கிலோமீட்டர்தான். சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் பிச்சாவரம். கங்கைகொண்ட சோழபுரம் மேற்கே, தரங்கம்பாடி தெற்கே. அம்மாவை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஓட வேண்டாம்.

சிதம்பரத்துக்கு ஒரு விதிவிலக்கு. ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம் இரண்டுக்கும் முந்தைய நாள் தேரோட்டம். இங்கே மூலவரே தேரில் எழுந்தருள்வதால் அன்று கருவறையான சிற்சபையில் நடராஜர் இருக்க மாட்டார். மறுநாள் ஆயிரங்கால் மண்டபத்தில் அபிஷேகம் முடிந்த பிறகுதான் திரும்புவார். தேர் வீதிகளில் வண்டியும் நுழையாது. கூட்டத்தில் நிற்கத் தெம்பிருந்தால் அதைவிடப் பெரிய காட்சி இல்லை. உங்கள் அம்மாவுக்கு அது சரிவராது. தேதியைப் பஞ்சாங்கத்தில் பாருங்கள், ஏஜென்டிடம் கேட்காதீர்கள்.

அப்புறம் அந்த 'வழிகாட்டி'. பல டூர்களில் அது ஓட்டுநர்தான். தனி ஆளா, சுற்றுலாத் துறை அடையாள அட்டை உண்டா என்று கேளுங்கள். சிதம்பரம் கோபுர வாசலின் உட்சுவரில் 108 கரணச் சிற்பங்கள், அதாவது நடன நிலைகள், இருக்கின்றன. விஷயம் தெரிந்தவர் அங்கேயே உங்களை நிறுத்திவிடுவார். மற்றவர் செருப்பு விடும் இடத்தைக் காட்டுவதோடு சரி. பட்டியலில் 'ஷாப்பிங்' என்று இருந்தால் அது கமிஷன் கடை, பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லுங்கள்.

பிச்சாவரத்தில் துடுப்புப் படகே எடுங்கள். சுரபுன்னை (சதுப்புநில மரம்) வேர்கள் தலைக்கு மேல் கவிந்திருக்கும் குறுகலான கால்வாய்களுக்குள் மோட்டார் படகு போகாது. கட்டணத்தில் அந்தக் கால்வாய்களும் சேர்த்தியா என்று கவுண்டரிலேயே கேளுங்கள். நடுத்தண்ணீரில் பேரம் பேச முடியாது.

வண்டிக்கு மஞ்சள் நம்பர் பலகை இருக்க வேண்டும். சொந்த வண்டியை வாடகைக்கு விட்டால், விபத்தில் காப்பீடு கைவிரிக்கலாம். இவ்வளவையும் வாட்ஸ்அப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.