மணி உறுமினால் அதட்டாதீர்கள்

கேள்வி: எங்கள் தோப்பு வீட்டில் 9 வயது நாட்டு நாய் மணி இருக்கிறான். போன வருஷம் ஒரு சிப்பிப்பாறைக் குட்டி வாங்கினோம். ராஜாவுக்கு இப்போது 11 மாதம். மணி படுத்திருந்தால் மேலே ஏறுகிறான், காதைக் கடித்து இழுக்கிறான், களித் தட்டில் தலையை விடுகிறான். போன வாரம் மணி உறுமிக்கொண்டு பாய்ந்துவிட்டான். அடித்துக் கட்டிப்போட்டோம். அதிலிருந்து மணி திண்ணைப் பக்கமே வருவதில்லை. அவனுக்குப் பொறாமையா டாக்டர்?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: பொறாமை இல்லை அம்மா. மணி பல நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “போதும், தள்ளிப் போ” என்று சொல்லியிருக்கிறான். அதற்குத்தான் அடி வாங்கியிருக்கிறான்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன். பாலக்கோட்டில் என் வீட்டில் செவலை என்ற கிழட்டு நாய் இருந்தாள். குட்டியைப் பார்த்து அவள் உறுமும்போதெல்லாம் அதட்டினேன். உறுமுவதையே விட்டுவிட்டாள். நல்ல பிள்ளையாகிவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு நாள் சத்தமே இல்லாமல் குட்டியின் மூக்கைக் கிழித்துவிட்டாள். நான்கு தையல், நானே போட்டேன். உறுமல் கடிக்கு முன்னால் வருகிற எச்சரிக்கை. அதை அடக்கினால் கடி மட்டும்தான் மிஞ்சும்.

முதலில் மணியை ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வயதில் மூட்டு வலி சகஜம். எழும்போது பின்னங்கால் தடுமாறுகிறதா, படி ஏறத் தயங்குகிறானா என்று கவனியுங்கள். வலிக்கிற இடுப்பில் ஒரு குட்டி வந்து விழுந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? வீட்டில் இருக்கிற வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ராஜாவும் கெட்டவன் இல்லை. 6 மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை நாய்க்கு விடலைப் பருவம். அதிலும் சிப்பிப்பாறை ஓடிப் பிடிக்கிற வேட்டை இனம். வெயில் ஏறுவதற்கு முன்னால், தோப்பில் வேலி நன்றாக இருந்தால், ஓடவிட்டுக் களைப்பாக்குங்கள்.

அப்புறம், நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் ராஜாவின் கழுத்துப் பட்டையில் 5 அடி வார் ஒன்று தொங்கட்டும். வாலைத் தூக்கி, உடம்பை விறைத்து, மணியின் தோள்மேல் தாடையை வைக்கிறானா? அந்த நொடியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாரால் மெதுவாகத் திருப்புங்கள். திரும்பியதும் ஒரு துண்டு வேகவைத்த கோழி. சண்டை மூண்ட பிறகு கூப்பிட்டால் காதில் ஏறாது. முன்னங்காலை மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டினால் விளையாட்டுக்கு அழைக்கிறான் என்று அர்த்தம். மணியும் சேர்ந்துகொண்டால் விட்டுவிடலாம்.

களியைத் தனித்தனி அறையில், கதவைச் சாத்தி வையுங்கள். தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். ஆள் இல்லாதபோது இருவரையும் பிரித்தே வையுங்கள். ஆனால் ராஜா திரிகிற இடத்தில் மணியைக் கட்டாதீர்கள். கட்டின நாய்க்கு விலகிப் போக வழியில்லை, திரும்பிக் கடிக்கத்தான் செய்யும்.

திண்ணையில் அவன் பழைய இடத்துக்கு ஒரு தட்டி அடைத்து, ராஜா வராதபடி செய்துகொடுங்கள். அவனாக வரட்டும், இழுத்து வராதீர்கள். ஒரு மாதம் கழித்து, மணி அங்கே மறுபடி படுக்கிறானா என்று எனக்கு எழுதுங்கள்.